தகப்பன் என்ற முறையில்

சகலரும் அறிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ளத் தவறியதால் இங்கே அறிவிக்க நேர்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மூன்றாம் மாடி வீடொன்றின் பின்பக்க பால்கனியில், ஒரு வாஷிங் மெஷின் மூன்றாவது முறையாக நின்றுபோனது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு தலையணை உறை. பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் கூப்பி, கண் கலங்கி, "நன்றி" என்றார்.

மெஷினுக்கு அல்ல. மெஷினை நிறுத்தியவருக்கு.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், இவர் காலடியில் இன்னொரு பிரேக். அடுத்தவர் எங்கே போய் மோதப்போகிறார் என்று முன்கூட்டியே பார்த்து, ஒரு நொடி முன்னால் காலை அழுத்துவது தொழில். இருபத்தாறு வருடமாக அழுத்தி அழுத்தி, 'பிரேக் வாத்தியார்' என்ற பெயரும், வலது முழங்காலில் ஒரு வலியும் சம்பாதித்திருந்தார்.

ஒரே ஒருவர் விஷயத்தில்தான் அந்த பிரேக் பிடிக்கவில்லை. அது மகன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், வாராந்திர வழிபாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், மகன் செருப்பைப் போடாமல் வாசலிலேயே நின்றான்.

"அப்பா, நான் இனிமே மன்றத்துக்கு வரல."

"ஏன், காய்ச்சலா?"

"இல்லப்பா. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. அம்மா இருந்தவரைக்கும் அம்மாவுக்காக வந்தேன்."

"சரி, இப்ப எனக்காக வா."

"கண்ணை மூடிக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்து, எப்ப முடியும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க நான் வேண்டிக்கிறேன்னு நெனச்சுக்கறீங்க. அது உங்களை ஏமாத்துறதுதானே?"

நியாயமான பதில். நியாயமான பதிலுக்கு மறுபதில் கிடையாது என்பதால் பிரேக் வாத்தியார் கோபப்பட்டார். அவர் ஒன்று சொல்ல, மகன் ஒன்று சொல்ல, சொல்லக்கூடாத இரண்டு மூன்றும் நடுவில் வந்து விழுந்தன. அந்த வாரக் கடைசியில் மகன் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு ஓர் அறைக்குக் குடிபோனான்.

இத்தோடு விட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஆறிப்போயிருக்கும். ஆனால் மன்றம் என்று ஒன்று இருந்ததே!

மன்றத்துக்கு ஒரு தலைவர். பிழைப்புக்கு மெத்தைக் கடை. கடையில் இருக்கும்போது "இந்தப் பக்கம் உக்காந்து பாருங்க, ஸ்பிரிங் எப்படித் தூக்குது பாருங்க" என்று மனிதர் மாதிரி பேசுவார். மன்றத்துக்குள் கால் வைத்ததும் கல்வெட்டு மாதிரி பேசத் தொடங்கிவிடுவார். ஃபேனைப் போடச் சொல்வதற்கு, "காற்று எழுக" என்பார்.

மன்றத்தில் 'வாக்கேடு' என்று ஒரு தடித்த நோட்டும் இருந்தது. யாராவது ஒரு வாக்குக் கொடுத்தால் அதைத் தலைவர் தம் கையால் அதில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு வாரமும் அதைச் சத்தமாக வாசிப்பார். வாக்குக் கொடுத்தவர் எழுந்து நின்று, "காத்தேன்" என்று சொல்லி உட்கார வேண்டும். சர்க்கரையை விட்ட ஒருவர், சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் சரசரக்க எழுந்து, "காத்தேன்" என்பார்.

கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே பிரேக் வாத்தியார் வாக்குக் கொடுத்துவிட்டார். மகன் மன்றத்துக்குத் திரும்பும்வரை அவனோடு பேசுவதில்லை. தலைவர் எழுதினார், வாசித்துப் பார்த்தார், முகம் சுளித்தார். வாக்கியம் சற்று மொட்டையாக இருப்பதாகப் பட்டது. நடுவில் இரண்டு சொல் செருகினார்.

"என் மகன் இம்மன்றத்துக்கு மீளும் நாள்வரை, தகப்பன் என்ற முறையில், அவனோடு ஒரு வார்த்தையும் பேசேன்."

இப்போது வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வீடுதான் படுத்துவிட்டது.

அந்த வீட்டில் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது எப்போதுமே குறைவு. எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும், வரும். 'அவனை மெதுவா வண்டி ஓட்டச் சொல்லு.' 'அவரை மாத்திரை போடச் சொல்லும்மா.' இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தபால் நிலையம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இருவரும் தட்டுத் தடுமாறி நேரிலேயே பேசப் பழகிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவும் இல்லை. பிரேக் வாத்தியார் காலையில் எழுந்து டிவியைப் போடுவார். அது நாள் முழுக்கப் பேசும். இவர் சொல்வதை ஒருநாளும் கேட்காது. காரில் கற்றுக்கொள்ள வருபவர்களோ பயத்தில் வாயே திறக்க மாட்டார்கள். "இடது பக்கம் திரும்புங்க" என்பதுதான் சில நாட்களில் அவர் ஒரு மனிதரோடு பேசிய மிக நீளமான வாக்கியம்.

இப்படி எட்டு வாரம் போன பிறகு வாஷிங் மெஷின் முதல் தடவையாக நின்றது. அது உண்மையிலேயே வயதான கோளாறு. அவர் கம்பெனிக்கு போன் செய்தார். மகன் அதே கம்பெனியில் டெக்னீஷியன் என்பது அந்த நேரத்தில் தனக்கு ஞாபகமே இல்லை என்று பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீலச் சீருடையில் மகன், தோளில் கருவிப் பை.

இருவரும் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மகன் தொண்டையைச் செருமினான்.

"வணக்கம் சார். கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தீங்களா?"

பிரேக் வாத்தியார் மனதில் வாக்கேடு விரிந்தது. 'தகப்பன் என்ற முறையில்.' கஸ்டமர் என்ற முறையில் பேசக்கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தலைவரின் அலங்காரத் தமிழ் முதல் தடவையாக ஒரு மனிதனுக்குப் பயன்பட்டது.

"ஆமா, உள்ள வாங்க."

"எத்தனை நாளா சார் இப்படி?"

"எட்டு வாரமா."

"எட்டு வாரமாவா?"

"ஓ, மெஷினைக் கேக்குறீங்களா? அது நேத்துலேர்ந்து."

மகன் குனிந்து மெஷினின் பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தான். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டெக்னீஷியன் சாப்டாச்சா?"

"ரெண்டு மணிக்குத்தான் சார் சாப்பாடு."

"ரெண்டு மணி வரைக்கும் பட்டினியா? கேக்கறதுக்கு ஆளில்லையா உங்க கம்பெனில?"

"கஸ்டமர் பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

"மெஷினுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மெஷின் பக்கத்துல யாராச்சும் மயங்கி விழுந்தா கம்பெனிக்குக் கெட்ட பேரு சார்."

ஐம்பது நிமிடம் அந்த வேலை நடந்தது. இருபது நிமிட வேலை. முடிந்ததும் சர்வீஸ் சீட்டு நீட்டப்பட்டது. 'வாடிக்கையாளர் கருத்து' என்ற இடத்தில் அவர் யோசித்து எழுதினார்: 'நல்ல வேலை. ஆள் இளைத்திருக்கிறார். முடி வெட்டச் சொல்லவும்.' 'டெக்னீஷியன் குறிப்பு' என்ற இடத்தில் மகன் எழுதினான்: 'இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் அதன் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.' ஒரு பிரதி ஆபீஸுக்குப் போனது. இன்னொன்றை அவர் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார். தினமும் துணி போடும்போது ஒருமுறை படித்தார்.

அந்த வார மன்றத்தில் எழுந்து நின்று, "காத்தேன்" என்றார். பொய்யில்லை.

ஆனால் பழுது பார்த்த மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பிறகு ஒருநாள் காலை பிரேக் வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் கிடையாது, ஆனாலும் பார்த்தார். ஒரு சாக்ஸை எடுத்துச் சுருட்டி, தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் ஸ்குரூ டிரைவரால் திணித்தார்.

மகன் வந்தான். குறடால் பிடித்து அதை வெளியே இழுத்தான். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். சொட்டச் சொட்ட அது தொங்கியது.

"சார், இது என்ன?"

"சாக்ஸ்."

"எப்படி இதுக்குள்ள போச்சு?"

"நடந்து போயிருக்கும்."

மகன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினானா வேறெதையாவது அடக்கினானா என்று தெரியவில்லை. 

"சார், இனிமே இப்படியெல்லாம் போட வேணாம். மோட்டார் கருகிடும், ஷாக் அடிக்கும். நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் இன்னும் பத்து நிமிடம் ஸ்பானரோடு ஏதோ செய்துகொண்டிருந்தான். அக்கறையான பிள்ளை.

பிரேக் வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது. வாக்கைக் காப்பது ஒன்று, கம்பெனியை ஏமாற்றுவது வேறு. இனி மெஷின் மேல் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தார். கெடுப்பதுதானே பாவம்? கெட்டுப்போக வேண்டிக்கொள்வது பாவம் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. தினமும் காலை துணியைப் போட்டு, பொத்தானை அழுத்தி, கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மெஷின் நின்றது. சரித்திரம் குறிக்கத் தவறிய அந்தச் சம்பவம் இதுதான்.

மகன் வந்தான், பார்த்தான், சரிசெய்தான், போனான். சீட்டில் இவர் எழுதினார்: 'முடி வெட்டியதற்கு நன்றி.' மறுபடியும் வேண்டுதல். மறுபடியும் சரியாகப் பதினெட்டாம் நாள் மெஷின் நின்றது. நாலாவது முறை. மகன் வந்தான். இந்தத் தடவை தேநீரும் குடித்தான். டெக்னீஷியன்கள் வாடிக்கையாளர் வீட்டில் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது கம்பெனி விதியாம். "இது தேநீர் இல்ல, தண்ணி கொஞ்சம் கலங்கியிருக்கு" என்று இவர் சொன்னதால் குடித்தான்.

அந்த வாரம் பிரேக் வாத்தியாருக்கு உள்ளம் நிரம்பி வழிந்தது. மன்றத்தில் "காத்தேன்" சொன்ன பிறகு உட்காராமல் நின்றார். நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்பது வழக்கம்.

"என் வீட்டு வாஷிங் மெஷின்..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் காலை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை.

"இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது?" என்றார் தலைவர்.

"அது... பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை நின்னுடுது தலைவரே."

தலைவர் கண்ணை மூடினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"பதினெட்டு," என்றார் தலைவர். "ஒன்றும் எட்டும் ஒன்பது. ஒன்பதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை."

விளக்கவும் இல்லை. எல்லோரும் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"இது சோதனை. நாளை மன்றமே உம் இல்லம் வரும். அந்த இயந்திரத்துக்காக வேண்டுவோம். இனி அது ஒருபோதும் நிற்காது."

"ஐயோ வேணாம் தலைவரே! எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? எமக்கா?"

மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். பால்கனியில் ஐந்து பேர்தான் நிற்க முடியும். மீதிப் பேர் சமையலறையில் நின்று, முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வேண்டினார்கள். சுவரில் இருந்த சீட்டுகளை மறைக்க இவர் அவசரமாக ஒரு காலண்டரை மாட்டியிருந்தார். தலைவர் மெஷினின் மூடிமேல் கை வைத்து, "இயந்திரமே, இடையறாது சுழல்வாயாக!" என்று முழங்கினார். பதினொரு பேரும் அதையே கேட்டார்கள். ஓரத்தில் துணி பக்கெட்டோடு நின்ற பிரேக் வாத்தியார் மட்டும் உதடு அசையாமல், அது நின்றுபோக வேண்டும் என்று கேட்டார். ஒரே முகவரிக்கு ஒரே நேரத்தில் இரண்டு மனு. ஒரு பக்கம் பதினொரு கையெழுத்து, மறு பக்கம் ஒன்று.

அதன் பிறகு மெஷின் ஓடியது. என்ன ஓட்டம்! அவர் தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்தார். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள். "கொஞ்சம் நில்லேன்" என்று ஒருநாள் அதனிடம் வாய்விட்டே சொன்னார். வீட்டில் அவர் அன்று பேசிய ஒரே வாக்கியம் அது.

பதினேழாம் நாள் சாயங்காலம் தைரியம் போய்விட்டது. பதினொரு பேர் கேட்டது நடக்குமா, ஒருத்தர் கேட்டது நடக்குமா? கார் டிக்கியில் இருந்த ஸ்பானரை எடுத்துவந்து, மெஷினின் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைத் தளர்த்திவைத்தார். காலையில் துணியைப் போட்டால் குழாய் நழுவும், தண்ணீர் கொட்டும், போன் செய்யலாம். மகன் வருவான்.

காலையில் மகன் வரவில்லை. ஆறே முக்காலுக்குத் தலைவர் வந்தார். வெள்ளை வெளேரென்று உடுத்தி, வெளியூர் மன்றத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்று பதினெட்டாம் நாள்! வேண்டுதலின் வலிமையை இவர்கள் தம் கண்ணால் காணட்டும்."

"தலைவரே, இன்னிக்குத் துணியே இல்லையே..."

"துணி தடையா?" தலைவர் தம் மேல்துண்டை எடுத்து மெஷினுக்குள் போட்டார். தம் விரலாலேயே பொத்தானை அழுத்தினார்.

மெஷின் தண்ணீரைப் பிடித்தது. வெளியூர்க்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். "காண்க!" என்றார் தலைவர். குழாய் நழுவியது. சோப்புத் தண்ணீர் அவர் முழங்கால் உயரத்துக்குப் பீய்ச்சியது. தலைவர் வழுக்கி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது காலண்டர். காலண்டரோடு அவர் உட்கார்ந்தார். மெத்தை இல்லாத இடம்.

"அம்மா! இடுப்பு போச்சே!" என்றார். மன்றக் காரியமாக வந்த இடத்தில் அவர் பேச்சுத் தமிழ் பேசியது அதுவே முதல் தடவை.

ஆனால் கண் சுவரில் நின்றது. நான்கு சீட்டுகள். நான்கிலும் ஒரே டெக்னீஷியன் பெயர், ஒரே கையெழுத்து. 'ஆள் இளைத்திருக்கிறார்' என்று வாடிக்கையாளர் கருத்து.

"இது உம் மகன்! வாக்கை மீறினீரா?"

"இல்ல தலைவரே. தகப்பன் என்ற முறையில பேசல. கஸ்டமர் என்ற முறையிலதான் பேசினேன். நீங்கதான் அப்படி எழுதினீங்க."

 தம் வாக்கியம் தம் காலையே வாரிவிட்டதை ஈரத்தில் உட்கார்ந்தபடி தலைவர் உணர்ந்தார். வெளியூர்க்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய மனிதர் இப்படி ஒரு நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான். அங்கே இல்லாத ஒருவன்மேல் பழியைப் போடுவது.

"மன்றத்தின் வேண்டுதல் தோற்காது. யாரோ தோற்கடித்திருக்கிறார்கள். நம்பிக்கையற்ற அந்தப் பையன் வேண்டுமென்றே இதைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறான்!"

"என் பையனா? அவனுக்குப் பொய் வேஷம் போடத் தெரியாது தலைவரே. தெரிஞ்சிருந்தா இன்னிக்கும் மன்றத்துல வந்து கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பான். குழாயை..." 

குழாயைத் தளர்த்தியது நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தார். சொன்னால் ஊரே சிரிக்கும். வாக்கேட்டில் இன்னொரு பக்கம் ஏறும். காலை அழுத்தினார். இந்தத் தடவை வண்டி நின்றுவிட்டது.

தலைவர் அன்று மாலையே மன்ற முத்திரையிட்ட தாளில் கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்பினார்.

பிரேக் வாத்தியார் போன் செய்ததற்கு இரண்டு நாள் கழித்து ஆள் வந்தான். மகன் இல்லை, வேறு யாரோ. ஏழு நிமிடத்தில் வேலையை முடித்தான். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவில்லை.

"கிளிப் போட்டாச்சு சார். பெல்ட்டும் தளந்திருந்துச்சு, அதையும் சேத்து இறுக்கிட்டேன்."

"வழக்கமா வர்றவர் எங்க?"

"அவரா? வேலை குடுக்காம உக்கார வெச்சிருக்காங்க சார். ஏதோ மன்றத்துலேர்ந்து லெட்டராம். வேணும்னே மெஷினைக் கெடுக்கறார்னு. நாளைக்கு விசாரணை. வேலை போயிடும்னு பேசிக்கறாங்க."

மறுநாள் காலை பிரேக் வாத்தியார் இரண்டு வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குப் போனார். புகார்ப் பிரிவில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஓர் அம்மாள். முகவரியைச் சொன்னதும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"'முடி வெட்டச் சொல்லவும்' நீங்கதானா?"

"ஆமாம்மா."

"உக்காருங்க." ஒரு படிவத்தை எடுத்தார். "டெக்னீஷியனுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு இருக்கா?"

கஸ்டமர் என்று சொல்லலாம். மூன்று மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றார். "அவனோட அப்பா. தகப்பன் என்ற முறையிலதான் பேச வந்திருக்கேன்."

வாக்கேட்டில் இது எந்தக் கணக்கில் சேரும் என்று அவர் யோசிக்கவில்லை.

"சொல்லுங்க. முதல் பழுது?"

"பழைய மெஷின். அதுவா வந்தது."

"ரெண்டாவது, சாக்ஸ்?"

"நான் வெச்சது."

அந்த அம்மாள் புருவம் அசையாமல் எழுதினார். "அஞ்சாவது, குழாய் கிளிப்?"

"அதுவும் நான்தான். அவன் வரணும்னு செஞ்சேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"மூணும் நாலும்?"

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது மேல இருக்கறவர்."

"மொட்டை மாடிலயா?"

"இல்லம்மா. கடவுள்."

அம்மாள் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "மூணே கட்டம்தான் இருக்கு சார். கஸ்டமர், டெக்னீஷியன், தயாரிப்புக் குறை. அவருக்குக் கட்டம் இல்ல."

"அப்ப தயாரிப்புக் குறைன்னு போடுங்க."

"போட்டா மெஷினைப் பிரிச்சுப் பாப்பாங்க. குறை இல்லன்னு வந்தா உங்க பையன் தலையிலதான் விழும். வேலை போயிடும்."

 வாழ்நாளில் பிரேக் வாத்தியார் கடவுளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாற்பது நாள் விடாமல் கேட்டார், கிடைக்கவில்லை. கேட்டது கேட்டபடி, நாள் தவறாமல் கிடைத்தது இந்த இரண்டும்தான். அவருக்கென்று யாரோ காது கொடுத்துக் கேட்டதற்கு அத்தாட்சி அவை. அதைப் போய் எப்படி விட்டுக்கொடுப்பது?

"நான்னு எழுதிக்கோங்க," என்றார்.

"மூணும் நாலுமா?"

"ஆமா. எல்லாமே நான்தான்."

அம்மாள் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"ஏம்மா?"

"காலைல எட்டரைக்கே உங்க பையன் வந்து, எல்லாமே தான்தான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "சாக்ஸுக்கும் கிளிப்புக்கும் எப்படி செஞ்சார்னு ஒரு வரி இல்ல, அது உங்களைக் காப்பாத்த எழுதினது. ஆனா மூணுக்கும் நாலுக்கும் விவரமா இருக்கு சார். 'சாக்ஸைப் பார்த்த அன்று புரிந்தது. பெல்ட் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி விட்டேன். தினம் ஒருமுறை துவைக்கும் வீட்டில் அது பதினெட்டு நாள் தாங்கும்.'"

பிரேக் வாத்தியார் பழக்க தோஷத்தில் தலையை உயர்த்தி மேலே பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மாள் தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தார். படிவத்தில் 'கஸ்டமர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, முத்திரை குத்தினார்.

"மேனேஜர் இன்னும் பாக்கல. இப்படியே முடிச்சுடறேன், பையன் நாளைக்கு வேலைக்கு வரலாம்," என்றார். "ஆனா ஒண்ணு சார். புதுசா வந்த ஆளு பெல்ட்டை நல்லா இறுக்கிட்டாரு. இனிமே அந்த மெஷின் நிக்காது."